கிரானில் வேலை போடுவது எப்படி, அது ஓடாமல் போனால் தெரிந்துகொள்வது எப்படி

ஒரு வேலையைத் தினமும் குறிப்பிட்ட நேரத்தில் கணினி தானாகவே செய்ய வேண்டும் என்றால், யுனிக்ஸ் வகைக் கணினிகளில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த வரியைப் படித்து நேரத்துக்கு வேலையைக் கிளப்பிவிடும் நிரலின் பெயர் கிரான். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலேயே இது இருந்தது. 1987-இல் பால் விக்சி இதைப் புதிதாக எழுதினார். இன்று டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் குடும்பங்களில் ஓடும் கிரான் அதிலிருந்து கிளைத்து வந்ததுதான். அந்த ஒரு வரியை எழுதக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஆனால் எழுதி வைத்த வரி ஒருநாள் வேலை செய்யாமல் போனால் அது உங்களுக்குத் தெரியவருமா என்பதுதான் பெரிய கேள்வி. கிரான் பின்னணியில் ஓடுவது, திரையில் எதையும் காட்டாது, தோற்றாலும் அமைதியாகவே தோற்கும். அதனால் வரி எழுதுவதைச் சீக்கிரம் முடித்துவிட்டு இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

ஒரு சின்ன விஷயம்: கட்டளைகள், கோப்புப் பாதைகள் எல்லாவற்றையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உதாரணங்களில் வரும் ‘/வேலை/காப்பு’ என்பது நானாக வைத்த ஸ்கிரிப்ட் (ஓட வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) பெயர், அந்த இடத்தில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வரி

டெர்மினலில் ‘கிரான்டாப் -இ’ என்று கொடுத்தால் உங்கள் பட்டியல் ஒரு எடிட்டரில் திறக்கும். வரியை எழுதி, சேமித்து, வெளியே வந்தால் வேலை முடிந்தது. கிரானை நிறுத்தித் திரும்பக் கிளப்பத் தேவையில்லை, அது நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துப் பட்டியல் மாறியிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். ‘கிரான்டாப் -எல்’ பட்டியலைக் காட்டும். ‘கிரான்டாப் -ஆர்’ முழுப் பட்டியலையும் அழித்துவிடும், அதுவும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல். விசைப்பலகையில் இ, ஆர் இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் திருத்தப் போனவர் பட்டியலையே தொலைப்பது அடிக்கடி நடக்கிறது. ஆகவே முதல் நாளிலேயே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பட்டியலை ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி உங்கள் மற்ற ஸ்கிரிப்ட்களோடு, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் சேர்த்து வைத்து, ‘கிரான்டாப்’ என்பதற்குப் பின்னால் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஏற்றுங்கள். பழைய பட்டியல் போய் இந்தக் கோப்பில் இருப்பது அப்படியே உட்கார்ந்துவிடும். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் கிட் வரலாற்றில் நிற்கும்.

வரியின் அமைப்பு இது. முதலில் ஐந்து இடங்கள்: நிமிடம் (0–59), மணி (0–23), மாதத்தின் தேதி (1–31), மாதம் (1–12), கிழமை (0–7, இதில் 0, 7 இரண்டுமே ஞாயிறு). அப்புறம் ஓட வேண்டிய கட்டளை.

30 2 * * * /வேலை/காப்பு

இது தினமும் அதிகாலை 2:30-க்கு ஓடும். நட்சத்திரம் என்றால் அந்த இடத்தில் எதுவானாலும் சரி என்று அர்த்தம். காற்புள்ளி போட்டால் பல மதிப்புகள், ஹைஃபன் போட்டால் இதிலிருந்து அதுவரை, சாய்கோடு போட்டால் இத்தனைக்கு ஒருமுறை.

*/10 * * * * /வேலை/காப்பு
0 9-17 * * 1-5 /வேலை/காப்பு
0 6 1,15 * * /வேலை/காப்பு

முதலாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டாவது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரை, மணிக்கு ஒருமுறை, மாலை 5 மணியும் சேர்த்து. மூன்றாவது ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் காலை 6 மணிக்கு. ஐந்து இடங்களுக்குப் பதிலாக @டெய்லி, @வீக்லி, @ரீபூட் போன்ற சுருக்கங்களும் உண்டு. @ரீபூட் மட்டும் கிரான் கிளம்பும்போது ஒருமுறை ஓடும். அந்த நேரத்தில் நெட்வொர்க் இன்னும் வந்திருக்காது என்ற நினைப்போடு அதைப் பயன்படுத்துங்கள்.

நேரம் எழுதுவதில் வழுக்கும் இடங்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது நிமிடத்தில் நட்சத்திரம் போடுவதில். ‘* 2 * * *’ என்று எழுதினால் அதிகாலை இரண்டு மணி ஆனதும் ஒரே ஒரு தடவை ஓடும் என்று தோன்றும். உண்மையில் 2:00 முதல் 2:59 வரை நிமிடத்துக்கு ஒன்றாக 60 தடவை ஓடும். மணியைக் குறிப்பிட்டால் நிமிடத்தையும் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

அடுத்தது சாய்கோடு. */7 என்றால் ஏழு நிமிட இடைவெளி என்று நினைத்துக்கொள்வோம், ஆனால் கிரான் போன ஓட்டத்திலிருந்து எண்ணுவதில்லை. 0, 7, 14 என்று 56 வரை போய், மணி மாறியதும் திரும்ப 0-இல் தொடங்கிவிடும், அதனால் கடைசி இடைவெளி நான்கு நிமிடம்தான். */45 இன்னும் மோசம்: 0-இல் ஓடும், 45-இல் ஓடும், பதினைந்தே நிமிடத்தில் அடுத்த மணியின் 0-இல் மறுபடி ஓடும். 60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாக இருந்தால்தான் இடைவெளி சமமாக வரும். தேதி இடத்தில் */2 போட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நினைக்காதீர்கள், 31 நாள் மாதம் முடியும்போது 31-ஆம் தேதியும் 1-ஆம் தேதியும் அடுத்தடுத்து ஓடும்.

மூன்றாவதைக் கிரானோடு பழகியவர்களே மறந்துவிடுவார்கள். தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டில் எது பொருந்தினாலும் ஓடும். ‘0 9 13 * 5’ என்பது 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் ஓடாது. எல்லா 13-ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளியும் ஓடும். இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்றால் கிரானில் தேதியை மட்டும் கொடுத்துவிட்டு, கிழமையை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் அங்கேயே வெளியேறிவிடுங்கள். மாதத்தின் கடைசி நாளுக்கும் இதே வழிதான்: ‘0 23 28-31 * *’ என்று போட்டு, நாளைய தேதி 1-ஆ என்று ஸ்கிரிப்டுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதையும் ஐந்து இடங்களால் சொல்ல முடியாது, அதையும் உள்ளேதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். நிமிடத்துக்கு எல்லோரும் 0 போடுகிறார்கள், மணியில் நள்ளிரவு போடுகிறார்கள். ஒரே சர்வரில் பத்து வேலை, பத்து சர்வரும் ஒரே டேட்டாபேஸைத் தட்டுகிறது என்றால் அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் திணறும். 17, 43 என்று ஏதாவது ஒற்றை நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரம் துல்லியமாக முக்கியமில்லாத வேலைகளுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

கிரான் பற்றி வரும் கேள்விகளில் இதுதான் அதிகம், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் டெர்மினலைத் திறக்கும்போது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான உங்கள் ஷெல் பல அமைப்புக் கோப்புகளைப் படித்து, உங்களுக்கு வேண்டிய சூழலைத் தயார்செய்து கொடுக்கிறது. கிரான் அவற்றில் எதையும் படிப்பதில்லை. நிரல்களை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் அது பெரும்பாலும் வைப்பது ‘/யூஎஸ்ஆர்/பின்’, ‘/பின்’ இரண்டு மட்டுமே. ஷெல்லாக ‘/பின்/எஸ்ஹெச்’ இருக்கும், வேலை உங்கள் ஹோம் ஃபோல்டரில் தொடங்கும். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’-இல் நீங்கள் நிறுவிய நிரல் கிரானுக்குத் தெரியவே தெரியாது.

ஊகித்துக்கொண்டிருக்காமல் கண்ணால் பாருங்கள். சூழல் மாறிகளைக் காட்டும் ‘என்வ்’ கட்டளையை ஒரு நிமிடம் கிரானிலேயே ஓட்டி, அதன் வெளியீட்டைக் கோப்பில் பிடியுங்கள்:

* * * * * என்வ் > /வேலை/சூழல்

கோப்பு வந்ததும் வரியை எடுத்துவிட்டு, அதில் இருப்பதையும் உங்கள் டெர்மினலில் அதே கட்டளை காட்டுவதையும் ஒப்பிடுங்கள். என்ன குறைகிறது என்பது உடனே தெரியும். ‘என்வ் -ஐ’ என்பதோடு ‘/பின்/எஸ்ஹெச்’-ஐயும் ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் சேர்த்து டெர்மினலில் கொடுத்தால், ஏறக்குறைய கிரானின் வெறுமையான சூழலிலேயே ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கலாம். இரவு இரண்டரை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரிசெய்ய நான் சொல்லும் வழி: ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று தெளிவாக எழுதுங்கள், அடுத்த வரியில் பாத் மாறியை நீங்களே முழுதாக அமையுங்கள், அதற்கடுத்து வேலை நடக்க வேண்டிய ஃபோல்டருக்கு ‘சிடி’ செய்யுங்கள். இந்த மூன்றையும் ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டால் அது கிரானில் ஓடினாலும் கையால் ஓடினாலும் ஒரே மாதிரி ஓடும். கிரான்டாப் கோப்பின் தலையிலும் பாத்தை எழுதலாம்தான். ஆனால் அங்கே மாறிகள் விரிவடையாது. பழைய பாத்தோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன் என்று டாலர் குறி போட்டு எழுதினால் அந்த டாலர் எழுத்தாகவே நின்றுவிடும்.

டெபியனிலும் உபுண்டுவிலும் ‘/பின்/எஸ்ஹெச்’ என்பது பாஷ் கிடையாது, டாஷ் என்ற சிறிய ஷெல். இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்ட நிபந்தனை, ‘சோர்ஸ்’ கட்டளை எல்லாம் பாஷில் ஓடும், டாஷில் எரர் வரும். கிரான்டாப் வரியிலேயே நீளமாக எழுதுபவர்கள் இதில்தான் விழுகிறார்கள். வரியில் ஸ்கிரிப்டின் பெயர் மட்டும் இருக்கட்டும், தர்க்கமெல்லாம் ஸ்கிரிப்டுக்குள் போகட்டும்.

வரியில் நீளமாக எழுதக் கூடாது என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் சதவீதக் குறி. கிரான்டாப் வரியில் % வந்தால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொண்டு, முதல் % குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுத்துவிடும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்க ‘டேட்’ கட்டளையைப் பயன்படுத்தும் எல்லோரும் சதவீதக் குறியைப் பயன்படுத்துகிறார்கள், எல்லோருடைய கட்டளையும் பாதியில் வெட்டுப்படுகிறது. ஒவ்வொரு % முன்னாலும் \ போட வேண்டும், அல்லது அதை ஸ்கிரிப்டுக்குள் நகர்த்திவிட வேண்டும். உள்ளே இந்தச் சிக்கல் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டுக்கு ஓடும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த கோப்பென்றால் வரி முடிவில் ஒட்டிக்கொண்டு வரும் கூடுதல் எழுத்தை நீக்குங்கள், இல்லாவிட்டால் முதல் வரியில் சொன்ன ஷெல்லே கிடைக்கவில்லை என்று எரர் வரும். பட்டியலின் கடைசி வரிக்குப் பின்னால் எண்டர் தட்டியிருக்க வேண்டும். பைத்தானில் தனிச் சூழல் வைத்திருந்தால் அதை ஆக்டிவேட் செய்யப் போராடாமல் அதற்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் சாவிக்குக் கடவுச்சொல் வைத்து ஏஜென்ட் மூலம் பயன்படுத்துபவர்களுக்கு, கிரானுக்கு அந்த ஏஜென்ட் தெரியாது. அந்த வேலைக்கென்று தனிச் சாவி உருவாக்கி, மறுமுனையில் அது ஒரே ஒரு கட்டளையை மட்டுமே ஓட்டும்படி கட்டுப்படுத்தி வையுங்கள்.

வெளியீடு எங்கே போகிறது

கிரானில் ஓடும் கட்டளை எதையாவது அச்சிட்டால் கிரான் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும். ‘மெயில்டு’ மாறியில் முகவரி இருந்தால் அதற்கு, இல்லையென்றால் அந்த யூசரின் உள்ளூர் அஞ்சல்பெட்டிக்கு. இன்றைக்குப் பல சர்வர்களில் மெயில் அனுப்பும் நிரலே நிறுவப்பட்டிருக்காது. அப்போது டெபியன் வகையில், மெயில் அனுப்பும் நிரல் இல்லை, வெளியீட்டைத் தூக்கிப்போடுகிறேன் என்று சிஸ்டம் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே போட்டுவிடும். உங்கள் எரர் செய்தி அதோடு காலி. அதனால் குறைந்தபட்சம் இப்படியாவது எழுதுங்கள்:

30 2 * * * /வேலை/காப்பு >> /வேலை/காப்பு.பதிவு 2>&1

வரிசை முக்கியம். முதலில் சாதாரண வெளியீடு கோப்புக்குத் திரும்புகிறது, அப்புறம் 2>&1 எரர் வெளியீட்டையும் அதே இடத்துக்கு அனுப்புகிறது. இடம் மாற்றி எழுதினால் எரர் பழைய இடத்துக்கே போகும். ஒற்றை > போட்டால் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் பதிவு அழிந்துவிடும் என்பதால் இரட்டை >> போடுங்கள். கோப்பு வளர்ந்துகொண்டே போகும், ஆகவே பழைய பதிவுகளை அவ்வப்போது கழிக்கும் லாக்ரொட்டேட் கருவியின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் தேதி, நேரத்தோடு ஒரு வரி அச்சிடட்டும். தொடக்க வரி இருந்து முடிவு வரி இல்லாத நாளைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்.

பல வழிகாட்டிகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘> /டெவ்/நல் 2>&1’ என்று ஒட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது வெளியீட்டையும் எரரையும் ஒன்றாகப் புதைத்துவிடுகிறது, ஒரு வருடம் கழித்து வேலை நின்றுபோனால் காரணம் தேட ஒரு தடயமும் மிஞ்சாது. மெயில் தொல்லை தாங்கவில்லை என்றால் சாதாரண வெளியீட்டை மட்டும் புதையுங்கள், எரரை விட்டுவையுங்கள்.

கிரானின் சொந்தப் பதிவை உபுண்டுவிலும் டெபியனின் பழைய பதிப்புகளிலும் ‘/வார்/லாக்/சிஸ்லாக்’ கோப்பிலும், ரெட் ஹேட் வகையில் ‘/வார்/லாக்/கிரான்’ கோப்பிலும் பார்க்கலாம். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினியில், அதன் பதிவான ஜர்னலைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் மூலமும் பார்க்கலாம். எந்த நேரத்தில் எந்தக் கட்டளையைக் கிளப்பினேன் என்பது அங்கே இருக்கும். அந்தக் கட்டளை வெற்றியா தோல்வியா என்பது பொதுவாக அங்கே இருக்காது. பதிவில் வரியைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

தோல்வி உங்களைத் தேடி வர வேண்டும்

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், கிரான் பயன்படுத்தும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் அது. பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் பேக்கப் வைக்கும் இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது, பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் எரர் கொடுத்து நின்றிருக்கிறது. கிரான் வேலை தோற்றால் மெயில் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அந்த மெயில்கள், அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாமல் பெறுபவர் பக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டன. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேறொரு காரணத்துக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் மீட்டார்கள், இடையில் வந்த டேட்டா போனது போனதுதான்.

இதில் கிரான் தன் வேலையைச் சரியாகவே செய்தது. நேரத்துக்குக் கிளப்பியது, தோல்வியைச் சொல்லவும் பார்த்தது. சொல்லும் வழி அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. தோற்றால் செய்தி வரும் என்ற ஏற்பாட்டில் இருக்கும் அடிப்படைப் பலவீனம் இதுதான்: செய்தி வராமல் இருந்தால் எல்லாம் நலமா, செய்தி அனுப்பும் வழியே செத்துவிட்டதா என்று பிரித்தறிய முடியாது. சர்வரே அணைந்திருந்தாலும் அதே அமைதிதான்.

அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். வேலை வெற்றியாக முடிந்ததும் வெளியே உள்ள ஒரு இடத்துக்குத் தகவல் போகட்டும், குறித்த நேரத்துக்குள் அந்தத் தகவல் வராவிட்டால் அந்த இடம் உங்களை எழுப்பட்டும். இதற்கென்றே சேவைகள் இருக்கின்றன, உங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் திறந்த மூல நிரல்களும் இருக்கின்றன. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ‘கர்ல்’ மூலம் ஒரு முகவரியைத் தட்டினால் போதும். அல்லது கிரான்டாப் வரியில் கட்டளைக்குப் பின் && போட்டு அதை எழுதலாம், முந்தையது வெற்றியானால் மட்டுமே பிந்தையது ஓடும். கண்காணிக்கும் இடம் அதே சர்வரில் இருக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

இதற்கு ஸ்கிரிப்ட் தன் தோல்வியை உண்மையாகச் சொல்ல வேண்டும். ஷெல் ஸ்கிரிப்ட் இயல்பாகவே ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்ததுக்குப் போய்விடும், கடைசிக் கட்டளையின் முடிவையே தன் முடிவாகச் சொல்லும். ‘செட் -இ’ என்று தொடக்கத்தில் எழுதினால் முதல் தோல்வியிலேயே நிற்கும். ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய் போட்டு எழுதும் இடங்களில் இது போதாது. டேட்டாபேஸின் நகலான டம்ப்பை | வழியாக, கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு அனுப்புகிறீர்கள் என்றால், டம்ப் தோற்றாலும் ஜிஜிப் கிடைத்த கொஞ்சத்தைச் சுருக்கிவிட்டு வெற்றி என்று சொல்லும். கோப்பும் இருக்கும், தேதியும் சரியாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பாஷில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கினால் குழாயின் எந்தப் பகுதி தோற்றாலும் முழுவதும் தோல்வியாகும். அதோடு கோப்பின் அளவு ஒரு நியாயமான எல்லைக்கு மேல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் வெற்றித் தகவலை அனுப்புங்கள்.

ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை வழக்கமாக ஒரு நிமிடத்தில் முடியும். ஒருநாள் நெட்வொர்க் மந்தமாகி ஏழு நிமிடம் ஆகிறது. கிரான் முந்தையது முடிந்ததா என்று பார்ப்பதில்லை, ஐந்தாம் நிமிடத்தில் இரண்டாவதைக் கிளப்பிவிடும். இப்போது இரண்டு போட்டி போடுவதால் இரண்டுமே இன்னும் மந்தமாகும், மூன்றாவதும் வந்து சேரும், கொஞ்ச நேரத்தில் சர்வர் மூச்சுத் திணறும். லினக்ஸில் இதற்கு ஃப்ளாக் என்ற கருவி இருக்கிறது:

*/5 * * * * ஃப்ளாக் -என் /வேலை/பூட்டு /வேலை/காப்பு

பூட்டு ஏற்கனவே பிடிபட்டிருந்தால் புதியது ஓடாமல் விலகிவிடும். ஒரு கோப்பை நீங்களே உருவாக்கி, வேலை முடிந்ததும் அழிக்கும் பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் அந்தப் பழைய கோப்பு அப்படியே கிடக்கும், அதற்குப் பின் வேலை என்றைக்குமே ஓடாது. ஃப்ளாக்கின் பூட்டை இயங்குதளத்தின் மையமான கெர்னல் வைத்திருக்கிறது, வேலை எப்படி முடிந்தாலும் பூட்டு தானாக விடுபடும். ஆனால் ஒரு வேலை சாகாமலும் முடியாமலும் எங்கோ காத்துக்கொண்டு தொங்கினால் பூட்டும் தொங்கும், அடுத்தவை எல்லாம் சத்தமில்லாமல் விலகும். எனவே ‘டைம்அவுட்’ கட்டளையையும் சேர்த்து ஒரு உச்சவரம்பு வையுங்கள்.

அணைந்திருந்த கணினி, மாறும் கடிகாரம்

2:30-க்குக் கணினி அணைந்திருந்தால் அன்றைய வேலை போச்சு. காலையில் கிளப்பினால் கிரான் அதை ஈடுகட்டாது. எப்போதும் ஓடும் சர்வரை மனதில் வைத்து எழுதியது அது. மடிக்கணினிக்கு அனக்ரான் பொருத்தம், போன முறை ஓடி எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து, தவணை கடந்திருந்தால் ஓட்டும். ஒரு நாளைவிடக் குறைவான இடைவெளி அதில் கிடையாது.

கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் கோடை நேரம் கடைப்பிடிக்கும் மண்டலத்தில் சர்வர் இருந்தால், வருடத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் காணாமல் போகும், இன்னொரு நாள் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். டெபியன் கிரான் 3 மணி நேரத்துக்குக் குறைவான மாற்றங்களைக் கவனித்து, விட்டுப்போனதை ஓட்டவும் ஒரே வேலையை இரட்டிப்பாக ஓட்டாமல் இருக்கவும் முயல்கிறது, ஆனால் எல்லாக் கிரானும் அப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. சர்வரின் கடிகாரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் வைப்பதுதான் நிம்மதி. அப்போது எழுதும் நேரமெல்லாம் யூடிசி நேரம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, கோப்பின் மேலே # போட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள்.

சிஸ்டம் அளவிலான பட்டியல்கள்

‘/எட்சி/கிரான்டாப்’ கோப்பிலும் ‘/எட்சி/கிரான்.டி’ ஃபோல்டரிலும் எழுதும் வரிகளில் ஐந்து இடங்களுக்குப் பின் ஆறாவதாக யூசர் பெயர் வர வேண்டும். உங்கள் சொந்தப் பட்டியலில் அது கூடாது. அங்கிருந்து உங்கள் பட்டியலுக்கு நகலெடுக்கும்போது இதை மறந்தால் யூசர் பெயரையே கட்டளையாக ஓட்டப் பார்க்கும். ‘/எட்சி/கிரான்.டெய்லி’ ஃபோல்டரில் ஸ்கிரிப்டைப் போட்டால் தினமும் ஓடும். ஆனால் டெபியன் வகையில் பெயரில் புள்ளி இருந்தால் கண்டுகொள்ளாது, பெயர் முடிவில் புள்ளி போட்டு எஸ்ஹெச் என்று வைத்திருக்கிறீர்கள் என்றால் அது என்றைக்கும் ஓடாது, எரரும் வராது. புள்ளியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

கணினியில் முழு அதிகாரமுள்ள யூசரான ரூட்டாக ஓட்டத் தேவையில்லாத எதையும் ரூட்டின் பட்டியலில் வைக்காதீர்கள். ரூட் ஓட்டும் ஸ்கிரிப்டை வேறு யூசர் திருத்த முடியும் என்றால் அந்த யூசர் ரூட் ஆகிவிட்டார் என்றே அர்த்தம்.

சிஸ்டம்டி டைமர்கள்

இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் கிரானுக்கு மாற்றாக இது இருக்கிறது. இரண்டு கோப்பு எழுத வேண்டும்: என்ன ஓட வேண்டும் என்பதற்கு ஒரு சர்வீஸ் கோப்பு, எப்போது என்பதற்கு ஒரு டைமர் கோப்பு. நேரம் இப்படி:

ஆன்கேலண்டர்=*-*-* 02:30:00

ஒரு வரிக்குப் பதில் இரண்டு கோப்பு என்பது எரிச்சலாகத் தோன்றலாம், ஆனால் கிடைப்பது நிறைய. ‘பெர்சிஸ்டென்ட்’ என்பதை இயக்கினால் கணினி அணைந்திருந்தபோது தவறியதைக் கிளம்பியதும் ஓட்டும். முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் அதே சர்வீஸை இரண்டாவதாகக் கிளப்பாது. வெளியீடு முழுவதும் ஜர்னலில் நேரத்தோடு சேரும். தோற்றால் இன்னொரு சர்வீஸைக் கிளப்ப ‘ஆன்ஃபெயிலியர்’ இருக்கிறது. ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ என்று கேட்டால் ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது ஓடும் என்று காட்டும், கிரானிடம் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் கிடையாது. நீங்கள் எழுதிய நேரம் சரிதானா என்பதை ‘சிஸ்டம்டி-அனலைஸ் கேலண்டர்’ முன்கூட்டியே சொல்லிவிடும். சாதாரண யூசராக டைமர் வைத்தால் நீங்கள் வெளியேறியதும் அது நின்றுவிடலாம், வெளியேறிய பின்னும் அது ஓட அந்த யூசருக்கு ‘லிங்கர்’ இயக்கி வையுங்கள்.

பேக்கப், பணம், மற்றவர்களுடைய டேட்டா சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு நான் டைமரையே தேர்ந்தெடுப்பேன். தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பது போன்ற சில்லறை வேலைகளுக்குக் கிரானின் ஒரு வரியே போதும். மேக்கில் இந்த வேலைக்கு 2005-இலிருந்து லாஞ்ச்டி என்ற நிரல்தான் ஆப்பிள் காட்டும் வழி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், எல்லாம் அமைத்து முடித்த அன்றே வேலையை வேண்டுமென்றே ஒருமுறை தோற்க வையுங்கள். ஸ்கிரிப்டுக்குள் டேட்டாபேஸின் பெயரைத் தப்பாக மாற்றிவிட்டு, நேரத்தை அடுத்த சில நிமிடத்துக்கு நகர்த்திவிட்டு, டெர்மினலை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். எச்சரிக்கை உங்கள் கைக்கு வந்து சேர்கிறதா, அதில் எந்த சர்வர் எந்த வேலை என்று தெரிகிறதா, பதிவுக் கோப்பில் காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெயரையும் நேரத்தையும் பழையபடி மாற்றுங்கள். கருவிகளின் பதிப்பை உயர்த்திய பிறகும், சர்வர் மாற்றிய பிறகும் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.